பூட்டினேன், ஆனாலும் திறந்தே கிடக்கிறது: கடவுச்சொல் பெட்டகத்தை எல்லாக் கருவிகளிலும் சரியாகப் பூட்டும் வழி

ஒரு சனிக்கிழமை காலை, ஓய்வுபெற்ற கிராணி ஐயா ஒருவர் கடைக்கு வந்தார். தோட்டத்து ஆபீசில் முப்பது வருடத்துக்கு மேல் எழுத்தராக இருந்து செக்ரோல் என்ற வருகை, சம்பளப் பதிவேட்டை எழுதியவர், சம்பளப் பணம் வைக்கும் இரும்புப் பெட்டியின் சாவியை இடுப்பை விட்டு இறக்காதவர், அன்றைக்குப் பதறிப்போய் நின்றார். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் தீபாவளிக்கு வந்தபோது அப்பாவுக்குப் பிட்வார்டன் என்ற கடவுச்சொல் பெட்டகச் செயலியைப் போட்டுக்கொடுத்து, பள்ளி நோட்டில் எழுதியிருந்த கடவுச்சொற்களையெல்லாம் அதில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார். இப்போது பேரன் பாடம் படிக்க மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தால், தாத்தாவின் வங்கிப் பக்கமும் ஊழியர் சேமநிதிப் பக்கமும் கேட்காமலே கடவுச்சொல்லை நிரப்பிக்கொண்டு நிற்கின்றனவாம்.

"மடிக்கணினியில பெட்டகத்தைப் பூட்டினீங்களா ஐயா?"

"கைப்பேசியில பூட்டிட்டேனே தம்பி. எல்லாம் ஒரே கணக்குதானே?"

கணக்கு ஒன்றுதான், ஆனால் பூட்டு ஒவ்வொரு கருவிக்கும் தனி. மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் எனக்கு இந்த விஷயத்தில் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு குழப்பத்திலிருந்துதான் கிளம்புகின்றன. அதனால் வருகிறவர்கள் குறையை எப்படிச் சொல்கிறார்களோ அதையே தலைப்பாக வைத்து எழுதியிருக்கிறேன். உங்கள் குறை எதுவோ நேராக அங்கே போய்ப் படிக்கலாம், ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். இங்கே பலரும் பிட்வார்டன்தான் வைத்திருக்கிறார்கள், அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் அதிலிருந்தே வருகின்றன. திரையில் ஆங்கிலத்தில் இருக்கும் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன்.

லாக் வேறு, லாக் அவுட் வேறு

'லாக்' என்றால் உங்கள் பெட்டகத்தின் ஒரு பிரதி, சங்கேதமாக்கப்பட்ட நிலையில், அதாவது சாவியில்லாமல் படிக்க முடியாதபடி, அந்தக் கருவிக்குள்ளேயே இருக்கிறது. திறக்க முதன்மைக் கடவுச்சொல்லோ (பெட்டகத்துக்கென்றே வைத்த கடவுச்சொல்) பின் எண்ணோ விரல்ரேகையோ போதும், இணையம் தேவையில்லை, உள்நுழையும்போது கடவுச்சொல்லுக்கு மேல் கேட்கும் இரண்டாம் அடுக்குக் குறியீட்டையும் கேட்காது.

'லாக் அவுட்' என்றால் அந்தப் பிரதியே கருவியிலிருந்து நீங்கிவிடுகிறது. மறுபடி உள்ளே வர இணையம் வேண்டும், மின்னஞ்சல் முகவரி, முதன்மைக் கடவுச்சொல், இரண்டாம் அடுக்குக் குறியீடு எல்லாம் வேண்டும்.

இதில் எது நடக்க வேண்டும், எத்தனை நிமிடம் கழித்து நடக்க வேண்டும் என்ற அமைப்பு கருவிக்குக் கருவி தனித்தனியாக இருக்கிறது. கைப்பேசிச் செயலியில் ஒன்று, குரோம் உலாவிக்குள் கூடுதலாகப் போட்ட நீட்சியில் ஒன்று, அதே கணினியில் எட்ஜில் போட்ட நீட்சியில் இன்னொன்று, டெஸ்க்டாப் செயலியில் வேறொன்று. ஓரிடத்தில் மாற்றினால் மற்ற இடங்களில் மாறாது. கடவுச்சொற்கள்தான் எல்லாக் கருவிகளுக்கும் தானாகப் போய்ச் சேர்கின்றன, பூட்டும் முறை அப்படிப் போவதில்லை.

கைப்பேசியில் பூட்டினேன், மடிக்கணினியில் திறந்தே கிடக்கிறது

அது பழுதில்லை. ஒரு தாளை எடுத்து, பெட்டகம் எங்கெல்லாம் நுழைந்திருக்கிறது என்று எழுதுங்கள். உங்கள் கைப்பேசி, பழைய கைப்பேசி, வீட்டு மடிக்கணினியில் இருக்கும் ஒவ்வொரு உலாவி, ஆபீஸ் கணினி, மகன் வீட்டுக்குப் போனபோது அவசரத்துக்கு நுழைந்த கணினி. கிராணி ஐயாவுக்கு எழுதிப் பார்த்ததில் ஐந்து இடம் வந்தது, அவர் நினைத்துக்கொண்டிருந்தது இரண்டு.

பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து, செட்டிங்ஸில் அக்கவுண்ட் செக்யூரிட்டி என்ற இடத்துக்குப் போனால் டைம்அவுட் என்ற பெயரில் நேரமும், டைம்அவுட் ஆக்‌ஷன் என்ற பெயரில் லாக்கா லாக் அவுட்டா என்பதும் இருக்கும். நான் வைத்துக்கொடுக்கும் முறை இது. உங்கள் கையை விட்டுப் போகாத கைப்பேசிக்கு 1 நிமிடம் அல்லது உடனே, செயல் லாக், திறக்க விரல்ரேகை. நீங்கள் மட்டும் பயன்படுத்தும் மடிக்கணினிக்கு 15 நிமிடம், லாக். குடும்பம் முழுக்கப் புழங்கும் கணினிக்கு 5 நிமிடம், லாக் அவுட். ஆபீசில் பலர் உட்காரும் கணினி என்றால் நீட்சியையே போடாதீர்கள். அங்கே கட்டாயம் ஒரு கடவுச்சொல் வேண்டுமென்றால் கைப்பேசியில் பார்த்துக் கையால் தட்டுங்கள். சிரமம்தான், ஆனால் அடுத்து அந்த நாற்காலியில் யார் உட்காருவார்கள் என்று நமக்குத் தெரியாது.

மகன் வீட்டுக் கணினி போலக் கைக்கு எட்டாத இடத்தில் திறந்து விட்டுவந்திருந்தால், பிட்வார்டனின் இணையதளத்தில் நுழைந்து அமைப்புகளில் என் கணக்கு என்ற பக்கத்தின் அடியில் 'டீஆதரைஸ் செஷன்ஸ்' என்பதை அழுத்துங்கள். எல்லாக் கருவிகளும் வெளியேற்றப்படும், நீங்கள் உட்கார்ந்திருக்கும் கருவியும் சேர்த்துத்தான், அதனால் முதன்மைக் கடவுச்சொல்லும் இரண்டாம் அடுக்குக் குறியீடும் கையில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு அழுத்துங்கள். சில கருவிகளில் இது செயல்பட ஒரு மணி நேரம் வரை ஆகலாம். இணையமே இல்லாமல் கிடக்கும் கருவிக்கு இந்தக் கட்டளை போய்ச் சேராது.

உலாவியை மூடுகிறேன், திரும்பத் திறந்தால் பெட்டகமும் திறந்தே இருக்கிறது

டைம்அவுட்டை 'ஆன் பிரவுசர் ரீஸ்டார்ட்' என்று வைத்திருப்பீர்கள். உலாவியை மூடினால் பூட்டிக்கொள்ளும் என்பது அதன் பொருள், ஆனால் குரோமும் எட்ஜும் பல கணினிகளில் பெருக்கல் குறியை அழுத்தினாலும் உண்மையில் மூடுவதில்லை, திரைக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கின்றன. குரோமில் செட்டிங்ஸ், சிஸ்டம் என்று போய், குரோமை மூடிய பிறகும் பின்னணிச் செயலிகளை ஓடவிடும் தேர்வை அணையுங்கள். எட்ஜில் அதே போன்ற ஒன்றோடு 'ஸ்டார்ட்அப் பூஸ்ட்' என்பதும் இருக்கும், இரண்டையும் அணைக்க வேண்டும்.

இன்னொரு காரணம் 'நெவர்'. யாரோ ஒருவர் தொல்லை தாங்காமல் டைம்அவுட்டை நெவர் என்று வைத்திருப்பார். அப்படி வைத்தால் பெட்டகத்தைத் திறக்கும் குறிமுறைச் சாவியே அந்தக் கணினியின் வட்டில் சேமிக்கப்படுகிறது, வாசல் கதவைப் பூட்டிச் சாவியை அதே கதவில் தொங்கவிட்டுப் போவது போல. தயவுசெய்து எந்தக் கருவியிலும் இதை வைக்காதீர்கள்.

ஓயாமல் பூட்டிக்கொள்கிறது, கணினியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்

இந்தத் தொல்லைதான் மக்களை நெவர் பக்கம் தள்ளுகிறது, அதனால் இதற்கு ஒரு நல்ல வழி சொல்ல வேண்டும். நீங்கள் கணினியில் வேலை செய்கிறீர்களா என்று டைம்அவுட் பார்ப்பதில்லை, பிட்வார்டனைத் தொட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்றுதான் எண்ணுகிறது. 15 நிமிடம் எக்செலில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் அதன் கணக்கில் நீங்கள் 15 நிமிடம் காணாமல் போனவர்.

தனியாகப் பயன்படுத்தும் கணினி என்றால் 'ஆன் சிஸ்டம் லாக்' என்ற தேர்வு அங்கே இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை வைத்துக்கொண்டு, எழுந்து போகும்போதெல்லாம் விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தப் பழகுங்கள். திரையும் பெட்டகமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். இரண்டு வாரம் கவனமாகச் செய்தால் கை தானாகவே போகும். கூடவே திரை தானாக அணையும் நேரத்தை 5 நிமிடமாகக் குறைத்து, மீண்டும் விழிக்கும்போது விண்டோஸ் கடவுச்சொல் கேட்கும்படி வைத்துவிடுங்கள்.

கைப்பேசியில் அடிக்கடி பூட்டிக்கொள்வதற்கு வேறொரு காரணம் உண்டு. சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பேட்டரியை மிச்சப்படுத்தப் பின்னணியில் இருக்கும் செயலிகளைக் கொன்றுவிடும். செயலி செத்துப் பிழைத்தால் பூட்டிய நிலையில்தான் எழும், தானாக நிரப்பும் வசதியும் சில நேரம் வேலை செய்யாது. அமைப்புகளில் பிட்வார்டன் செயலியின் பேட்டரிப் பகுதிக்குப் போய்க் கட்டுப்பாடில்லாமல் ஓட அனுமதி கொடுங்கள்.

தோட்டத்துக்குள் போனால் திறக்கவே முடியவில்லை

செம்பனைக் காட்டுக்குள் வேலை செய்கிறவர்கள் சொல்வது இது. ஒரு மண்டோர் அண்ணன் (வேலையாட்களை மேற்பார்ப்பவர்), தோட்டத்தின் உள்ளே டிவிஷனில் இருக்கும்போது ஏதோ ஒரு பின் எண் தேவைப்பட்டு எடுத்திருக்கிறார், செயலி மின்னஞ்சல் முகவரி முதற்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறது, அங்கே கைப்பேசி லைனே கிடைக்காது. யாரோ பாதுகாப்பு என்று சொல்லிக் கைப்பேசியிலும் லாக் அவுட் என்று வைத்துக்கொடுத்திருக்கிறார்கள்.

லைன் கிடைக்காத இடத்தில் புழங்குகிறவர்கள் கைப்பேசியில் லாக் மட்டும் வைத்தால் போதும். பூட்டிய பிரதி கைப்பேசிக்குள்ளேயே இருப்பதால் இணையம் இல்லாமலும் விரல்ரேகையோ முதன்மைக் கடவுச்சொல்லோ போட்டுத் திறந்து படிக்கலாம். புதிதாக எதையும் சேர்க்கவோ திருத்தவோ மட்டும் இணையம் வந்த பிறகு செய்யுங்கள். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஒருமுறை செயலியைத் திறந்து 'சிங்க்' அழுத்திவிட்டுப் போனால் முந்தைய நாள் கணினியில் மாற்றியதும் கையோடு வரும்.

இரண்டாம் அடுக்குக் குறியீட்டைக் குறுஞ்செய்தியாக வாங்குகிறவர்களுக்கும் இதே இடைஞ்சல் வரும், சிக்னல் இல்லையென்றால் குறியீடும் வராது. கைப்பேசிக்குள்ளேயே எண்ணை உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலிக்கு இணையமே தேவையில்லை, அதற்கு மாறிக்கொள்ளுங்கள்.

விரல் வைத்தால் திறந்தது, இன்றைக்குத் திடீரென்று முதன்மைக் கடவுச்சொல் கேட்கிறது

இதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சில நேரம் இது நல்ல எச்சரிக்கை.

முதலில் கைப்பேசியை அணைத்துப் போட்டீர்களா என்று பாருங்கள். மறுதொடக்கத்துக்குப் பிறகு ஆண்ட்ராய்டும் ஐபோனும் ஒருமுறை பின் எண்ணைத்தான் கேட்கும். 72 மணி நேரமாகப் பின்னோ பேட்டர்னோ போடாமல் விரலாலேயே திறந்துகொண்டிருந்தால் ஆண்ட்ராய்டு அதை மறுபடி கேட்கும், ஐபோன் 48 மணி நேரம் திறக்கப்படாமல் கிடந்தால் கேட்கும். இவை கைப்பேசி கேட்பவை, பெட்டகம் கேட்பதில்லை, பயப்பட வேண்டாம்.

பெட்டகமே 'பயோமெட்ரிக் மாற்றம் கண்டறியப்பட்டது' என்ற பொருளில் ஒரு வரி காட்டி முதன்மைக் கடவுச்சொல் கேட்டால், அந்தக் கைப்பேசியில் யாரோ புதிதாக ஒரு விரலைப் பதிந்திருக்கிறார்கள் அல்லது ஒன்றை அழித்திருக்கிறார்கள். நம் வீடுகளில் இது சாதாரணமாக நடக்கிறது, கேம் விளையாடப் பேரன் தன் விரலைப் பதிந்துகொள்வான், பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது என்று மருமகள் தன் விரலையும் சேர்த்துவிடுவார். எல்லாம் அன்பில் செய்வதுதான், ஆனால் பெட்டகத்துக்கு உங்கள் விரல் எது, பேரன் விரல் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. கைப்பேசியில் பதிந்திருக்கும் எந்த விரலும் பெட்டகத்தைத் திறக்கும். முன்பே பதிந்த விரல் என்றால் எச்சரிக்கைகூட வராது.

அதனால் கைப்பேசி அமைப்புகளில் விரல்ரேகைப் பட்டியலைத் திறந்து பாருங்கள். எது யாருடையது என்று தெரியவில்லை என்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு உங்கள் இரண்டு விரலை மட்டும் மறுபடி பதியுங்கள், பிறகு பெட்டகத்தில் முதன்மைக் கடவுச்சொல்லைப் போட்டு விரல்ரேகையை மீண்டும் இயக்குங்கள். ரப்பர் பால் வெட்டிக் கை தேய்ந்தவர்களுக்கு விரல்ரேகை சரியாகப் பிடிக்காது, சிமெண்டு வேலை செய்கிறவர்களுக்கும் அப்படித்தான். அவர்கள் பின் எண்ணுக்கு மாறுவது நல்லது. பெட்டகத்துக்கு வைக்கும் பின் கைப்பேசியின் பின்னாக இருக்கக் கூடாது, பிறந்த வருடமாகவும் இருக்கக் கூடாது. கணினியில் வைக்கும் பின் என்றால் அதில் எழுத்தையும் கலக்கலாம், கலந்து வையுங்கள். ஐந்து முறை தவறாகப் போட்டால் பிட்வார்டன் லாக் அவுட் ஆகிவிடும்.

கணினியில் பின் வைக்கும்போது, மறுதொடக்கத்தில் முதன்மைக் கடவுச்சொல் கேட்கட்டுமா என்று ஒரு கட்டம் வரும். அதில் இருக்கும் டிக்கை நீக்காதீர்கள். நீக்கிவிட்டால், நான்கு இலக்கப் பின் வைத்தவருக்கு, வட்டில் இருக்கும் பெட்டகத்துக்கும் திருடனுக்கும் நடுவில் நிற்பது அந்த நான்கு இலக்கம் மட்டும்தான். வட்டையே நகலெடுத்துப் போனவனுக்கு ஐந்து முறைக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது, பத்தாயிரம் எண்ணையும் ஒரு கணினியை விட்டுப் போட்டுப் பார்த்துவிடுவான்.

ஒன்பாஸ்வேர்ட் என்ற இன்னொரு பெட்டகச் செயலி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முதன்மைக் கடவுச்சொல்லைக் கேட்பது அதன் இயல்பான அமைப்பு. நீங்கள் அதை மறந்துவிடாமல் இருக்க உதவும், மாற்ற வேண்டாம்.

கணினியில் விண்டோஸ் ஹலோ இருக்கிறது, நீட்சியில் மட்டும் வேலை செய்யவில்லை

விண்டோஸ் ஹலோ என்பது விரலோ முகமோ காட்டிக் கணினியைத் திறக்கும் வசதி, ஆனால் உலாவி நீட்சி தானாக விரல்ரேகையைப் படிக்காது. அதே கணினியில் பிட்வார்டனின் டெஸ்க்டாப் செயலியும் இருக்க வேண்டும், ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதில் விண்டோஸ் ஹலோவும் உலாவி இணைப்பும் இயக்கப்பட்டிருக்க வேண்டும். கணினியை மூடித் திறந்ததும் டெஸ்க்டாப் செயலி எழவில்லை என்றால் நீட்சி சும்மா நிற்கும். செயலியைத் தொடக்கத்திலேயே எழும்படி வைத்துவிட்டால் சரியாகிவிடும்.

சரியான கடவுச்சொல்லைத்தான் போடுகிறேன், தவறு என்கிறது

கடையில் நான் முதலில் பார்ப்பது விசைப்பலகை. நம்மில் பலர் கைப்பேசியில் செல்லினம், கணினியில் முரசு அஞ்சல் வைத்திருக்கிறோம், நம் நாட்டிலேயே உருவானவை. தமிழில் ஒரு செய்தி அனுப்பிவிட்டு அப்படியே கடவுச்சொல் தட்டினால் விசைப்பலகை இன்னும் தமிழில் இருக்கக்கூடும், புள்ளிகளாகத் தெரிவதால் கண்ணுக்குப் படாது. கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் கண் குறியை அழுத்தி, பக்கத்தில் யாரும் இல்லாமல், தட்டியதைப் பாருங்கள். முதல் எழுத்து தானாகப் பெரிய எழுத்தாகியிருக்கலாம், கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டியிருக்கலாம்.

அதுவும் சரி என்றால் மின்னஞ்சல் முகவரியைப் பாருங்கள், இரண்டு முகவரி வைத்திருப்பவர்கள் மாற்றிப் போடுவது உண்டு. அடுத்து, உள்நுழையும் பக்கத்தின் அடியில் எந்தச் சர்வர் என்று சிறியதாக இருக்கும். பிட்வார்டனுக்கு டாட் காம், டாட் இயூ என்று இரண்டு தனித்தனி இடங்கள். ஒன்றில் திறந்த கணக்கு மற்றொன்றில் இருக்காது, ஆனால் திரை அதைச் சொல்லாமல் கடவுச்சொல் தவறு என்றே சொல்லும். இதில் ஒரு அக்கா மூன்று நாள் அழுதிருக்கிறார். டாட் காம் என்று மாற்றியதும் எல்லாம் அப்படியே இருந்தது.

குறியீடு ஆறு இலக்கம், எத்தனை முறை போட்டாலும் செல்லவில்லை

ஆத்தென்டிகேட்டர் செயலி காட்டும் எண் 30 வினாடிக்கு ஒருமுறை நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. உங்கள் கருவியின் கடிகாரம் தவறினால் எண்ணும் தவறும். இங்கே நான் பார்த்த வகை ஒன்று உண்டு. தமிழ்நாட்டுக்குப் போய்வந்தவர், கைப்பேசி இன்னும் இந்திய நேர மண்டலத்தில் இருக்க, கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்னால் காட்டுகிறதே என்று முள்ளை மட்டும் கையால் தள்ளி வைத்துவிடுவார். பார்க்க நேரம் சரி, உள்ளே உலக நேரக் கணக்கு இரண்டரை மணி நேரம் தப்பு. தேதி, நேரம், நேர மண்டலம் மூன்றையும் தானாக எடுத்துக்கொள்ளும்படி வையுங்கள், அடுத்த எண் உடனே செல்லும்.

மதிய இடி மழையில் கரண்டு போய் வந்த பிறகு பழைய கணினி ஏதோ ஒரு பழைய வருடத்தைக் காட்டினால் உள்ளே இருக்கும் சிறிய பேட்டரி தீர்ந்துவிட்டது. அந்த நிலையில் எந்தப் பாதுகாப்பான தளமும் ஒழுங்காகத் திறக்காது. பேட்டரி மாற்றச் செலவு சில ரிங்கிட்தான்.

சிலர் நேர்மாறாகக் கேட்பார்கள், குறியீடு கேட்காமலே திறக்கிறதே என்று. பூட்டியதைத் திறக்கும்போது குறியீடு கேட்காது என்று முன்பே சொன்னேன். உள்நுழையும்போதும் கேட்கவில்லை என்றால், முன்பு 'என்னை நினைவில் வை' என்ற கட்டத்தைத் தொட்டிருப்பீர்கள், அந்தக் கருவியில் 30 நாள் கேட்காது. பொதுக் கணினியில் அதைத் தொடாதீர்கள்.

பெட்டகம் பூட்டியிருக்கிறது, ஆனாலும் கடவுச்சொல் தானாக நிரம்புகிறது

கிராணி ஐயாவின் மடிக்கணினியில் கடைசியில் கண்டுபிடித்தது இதுதான். பிட்வார்டனைப் பூட்டி, லாக் அவுட்டும் செய்து, வங்கிப் பக்கத்தைத் திறந்தோம், கட்டம் நிரம்பியபடியே இருந்தது. நிரப்பியது குரோம். பல வருடமாகக் குரோம் 'சேமிக்கட்டுமா' என்று கேட்கும்போதெல்லாம் சரி சரி என்று அழுத்தியதில் எல்லாம் கூகுள் கணக்கிலும் சேர்ந்திருக்கின்றன. பெட்டகத்துக்கு எவ்வளவு பூட்டுப் போட்டாலும் பின்கதவு திறந்து கிடந்தால் என்ன பயன்.

வேலை இந்த வரிசையில். குரோமில் கூகுள் பாஸ்வேர்ட் மேனேஜரைத் திறந்து, அங்கிருப்பதெல்லாம் பெட்டகத்தில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள், இல்லாததைச் சேருங்கள். பிறகு சேமிக்கக் கேட்பதையும் தானாக உள்நுழைவதையும் அணையுங்கள். கடைசியில் அங்கிருப்பதை அழியுங்கள், வரிசையை மாற்றி முதலிலேயே அழித்துவிடாதீர்கள். ஒரு கோப்பாக வெளியே எடுத்து மாற்றினால், அந்தக் கோப்பு யார் வேண்டுமானாலும் படிக்கும் வெறும் எழுத்தாக இருக்கும், வேலை முடிந்ததும் டவுன்லோட்ஸிலிருந்தும் குப்பைத்தொட்டியிலிருந்தும் நீக்குங்கள். குரோமிலேயே இருந்துகொள்கிறேன் என்பவர்கள் குறைந்தது, நிரப்பும் முன் விண்டோஸ் ஹலோ கேட்கும்படி அங்கிருக்கும் தேர்வை இயக்குங்கள்.

பேரனுக்கு விண்டோஸில் தனிக் கணக்கு திறந்து கொடுத்தோம். அவன் கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமாவுக்குப் பள்ளி கொடுத்த கணக்கோடு அங்கே நுழைகிறான், தாத்தாவின் உலாவி தாத்தாவின் விண்டோஸ் கணக்குக்குள் இருக்கிறது. ஒரே மடிக்கணினியை வீடே பயன்படுத்தும் எந்தக் குடும்பத்துக்கும் நான் முதலில் செய்துகொடுப்பது இதைத்தான், கால் மணி நேர வேலை.

கீபாஸ் கோப்பு இரண்டாகிவிட்டது

பெட்டகத்தை ஒரே கோப்பாக வைக்கும் கீபாஸ்எக்ஸ்சி செயலியை வைத்து, அந்தக் கோப்பை இணையத்தில் இருக்கும் மேக இயக்ககத்தில் போட்டிருப்பவர்கள், ஒரு கருவியில் பூட்டாமல் விட்டுவிட்டு இன்னொன்றில் திருத்தினால் முரண்பட்ட பிரதி என்று இரண்டாவது கோப்பு முளைக்கும். எதையும் அழிக்காமல், ஒன்றைத் திறந்து டேட்டாபேஸ் பட்டியலில் இருக்கும் மெர்ஜ் கட்டளையால் மற்றதை அதில் சேருங்கள். சும்மா இருக்கும்போதும், கணினித் திரை பூட்டும்போதும் பெட்டகமும் பூட்டிக்கொள்ளும்படி பாதுகாப்பு அமைப்பில் வைத்தால் இது குறையும்.

கைப்பேசி தொலைந்துவிட்டது

பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விழுந்திருக்கலாம், பஸ்ஸில் விட்டிருக்கலாம். தேடுவதை வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் கணினி முன் உட்காருங்கள். கூகுளின் அல்லது ஆப்பிளின் கைப்பேசி தேடும் பக்கத்தில் நுழைந்து அதைத் தொலைவிலிருந்து பூட்டுங்கள். சிம் நிறுவனத்தை அழைத்து எண்ணை நிறுத்துங்கள். வங்கியின் இணையதளத்தில் இருக்கும் 'கில் சுவிட்ச்' வழியாக இணைய வங்கிச் சேவையை நிறுத்துங்கள். பெட்டகத்தில் டீஆதரைஸ் செஷன்ஸ் அழுத்தி, முதன்மைக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த நொடியே 997-ஐ அழையுங்கள், தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது, எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு.

கைப்பேசி பூட்டிய நிலையில் போயிருந்தால், உள்ளே இருப்பது சங்கேதமாக்கிய பிரதி மட்டுமே. 2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற கடவுச்சொல் பெட்டக நிறுவனத்திடமிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகள் திருடப்பட்டபோதும் கடவுச்சொற்கள் சங்கேத நிலையில்தான் போயின. அப்போது ஒருவரைக் காப்பது அவருடைய முதன்மைக் கடவுச்சொல்லின் நீளம்தான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து வையுங்கள், பிள்ளை பெயரும் வண்டி எண்ணும் வேண்டாம்.

முதன்மைக் கடவுச்சொல் மறந்துவிட்டது, கைப்பேசியில் விரல் வைத்தால் மட்டும் திறக்கிறது

இந்த நிலையில் எதையும் லாக் அவுட் செய்யாதீர்கள், செயலியை நீக்கிவிட்டு மறுபடி போடாதீர்கள், விரல்ரேகைப் பட்டியலைத் தொடாதீர்கள், கைப்பேசியை யாரிடமும் கொடுக்காதீர்கள். உங்கள் முதன்மைக் கடவுச்சொல் பிட்வார்டன் நிறுவனத்திடமே இல்லை, அவர்களால் மீட்டுத்தர முடியாது. அந்த ஒரு விரல்தான் மீதி இருக்கும் வாசல். கோப்பாக வெளியே எடுக்கவும் அது முதன்மைக் கடவுச்சொல்லைக் கேட்கும், ஆகவே ஒவ்வொரு பதிவாகத் திறந்து தாளில் எழுதுங்கள், மின்னஞ்சலும் வங்கியும் முதலில். முடிந்ததும் புதுக் கணக்கு திறந்து ஏற்றிவிட்டு, எழுதிய தாளை எரித்துவிடுங்கள்.

புதுக் கணக்கின் முதன்மைக் கடவுச்சொல்லையும் இரண்டாம் அடுக்கின் 'ரெக்கவரி கோட்' என்ற மீட்புக் குறியீட்டையும் மட்டும் ஒரு தாளில் எழுதி வீட்டில் பத்திரமாக வையுங்கள். கணினிக்குள் வைக்காதீர்கள், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். கிராணி ஐயா தன் கையெழுத்திலேயே, செக்ரோல் எழுதிய அதே நேர்த்தியோடு எழுதினார். அந்தத் தாள் வீட்டு கிராண்ட் என்ற உரிமைப் பத்திரமும் பிறப்புப் பத்திரங்களும் இருக்கும் தகரப் பெட்டியில் இருக்கிறது, இடத்தை மகளுக்கு நேரில் சொல்லத் தைப்பூசத்துக்கு அவர் வரும்வரை காத்திருக்கிறார்.